அறுபத்துமூன்று வயது மாணவனுக்கு ஒரு பெற்றோர் தேவை

அன்பும் மரியாதையும் கோபமும் ஒருங்கே உடைய மொரெனிகே அக்கா அவர்களுக்கு,

தம்பி ஒயேவோலே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுதுவது. வெயிலுக்கு வணக்கம். வியாபாரத்துக்கு வணக்கம். பாமாயில் விலை ஏறியதற்கும் வணக்கம், இறங்கியிருந்தால் அதற்கும் வணக்கம். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அதற்கும், எழுந்து நடமாடினால் அதற்கும், என் மேல் இத்தனை வருடமாகக் கோபத்தோடு இருக்கும் சிரமத்துக்கும் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? என் போனை நீங்கள் எடுப்பதில்லை. வேறு நம்பரில் கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் "ராங் நம்பர்" என்று சொல்லி, அதோடு விடாமல் இரண்டு திட்டும் திட்டி வைக்கிறீர்கள். ஆகவே இந்தக் கடிதத்தை நம் ஊர் அபெயோகுட்டாவுக்குப் போகும் வண்டியின் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

முதலில் பழைய வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். எனக்கென்று நீங்கள் பார்த்த பேக்கரிக்கார அம்மாளின் வீட்டுக்கு நம் ஜனம் அத்தனை பேரும் ஒரே மாதிரி துணி உடுத்தி, சேனைக்கிழங்கும் பழமும் தூக்கிக்கொண்டு போய் இறங்கிய அன்று மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் இங்கே பல்கலைக்கழகத்தில் முதல் வருடப் பதிவு. விடிவதற்கு முன்பே வரிசையில் நின்று, மதியத்துக்கு மேல்தான் ஜன்னல் என் கண்ணுக்கே தெரிந்தது. அதை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு வா என்றால் எந்த மாணவன் வருவான்? "பேரன் எடுக்கிற வயசுல பேனா எடுக்கிறானாம்" என்று நீங்கள் சந்தை பூராவும் சொல்லி வந்ததும் என் காதுக்கு எட்டியது. இருக்கட்டும். குடிநீர் வாரிய ஆபீசில் என் காலம் பூராவும் எழுத்தராகவே இருந்தேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடமே வேலை கற்ற பொடியன்கள் பட்டத்தைக் காட்டி ஒவ்வொருவனாக எனக்கு அதிகாரியானான்கள். அவர்களுக்கு எழுந்து நின்று நின்றே என் முழங்காலும் போயிற்று. சாவதற்குள் எனக்கும் ஒரு பட்டம் வேண்டும் அக்கா. பேக்கரி வேண்டாம்.

சரி, படிப்பு எப்படிப் போகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முதல் வருடத்தை நான் தாண்டியதே பெரும்பாடு. இங்கே படிப்பது கடைசி வேலை அக்கா, அதற்கு முன்னால் நூறு வேலை இருக்கிறது. வகுப்பில் நாற்காலி பிடிக்க இருட்டோடு எழுந்து போய்ப் பையை வைத்துவிட்டு வர வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் பை இருக்கும், நாற்காலி இருக்காது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது, மின்சாரம் எப்போது போகும் என்று நன்றாகத் தெரியும். வகுப்பை எந்த அறைக்கு மாற்றினார்கள் என்று எல்லோருக்கும் போனில் செய்தி வந்திருக்கும். நான் மட்டும் பழைய அறையில் கரும்பலகையோடு தனியாக உட்கார்ந்திருப்பேன். போதாக்குறைக்கு என் நரைத்த தலையையும், நம் குல வழக்கப்படி சின்ன வயதில் கன்னத்தில் கீறிவிட்ட தழும்புகளையும் பார்த்துவிட்டு, புதிதாக வரும் வாத்தியார்கள் என்னைக் கண்டதும் "வாங்க ஐயா, இன்ஸ்பெக்‌ஷனா?" என்று வியர்த்துப்போவார்கள். இந்த லட்சணத்தில் நான் மூன்று பாடங்களில் கோட்டை விட்டதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இரண்டாம் வருடம்தான் எஃபோசா வந்தான். என் வகுப்பில் படிக்கும் பெனின் ஊர்ப் பையன். நல்லவன், ஆனால் வயிறு பெரியது. விடுதி அறையில் திருட்டுத்தனமாக மின்சார அடுப்பு வைத்து நூடுல்ஸ் கிண்டியிருக்கிறான். ஃபியூஸ் எரிந்து மொத்த விடுதியும் இருட்டாகிவிட்டது. ஒழுங்கு விசாரணைக் குழு கூப்பிட்டு, அப்பாவை அழைத்து வந்தால் ஆயிற்று, இல்லையென்றால் ஊருக்குப் போய்விடு என்றது. அவன் அப்பா போலீஸ்காரர். பையன் என் அறைக்கு ஓடி வந்து தரையில் விழுந்துவிட்டான்.

"டாடி, நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்."

"நான் எதுக்குடா உனக்கு டாடி?"

"இந்த வகுப்புலயே நரைச்ச தலை உங்க ஒருத்தருதுதான். கடவுளாப் பாத்து எங்களுக்கு அனுப்பியிருக்காரு."

போனேன் அக்கா. இளகிய மனசு, என்ன செய்வது? குழுவின் தலைவி டாக்டர் திருமதி ஏக்பென்யோங், சட்டத் துறைப் பேராசிரியை, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். நான் உள்ளே நுழைந்ததும் எஃபோசாவைப் பார்த்து என் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டினேன். நாற்காலி கிடைக்காத எரிச்சல், தண்ணீர் வராத எரிச்சல், அந்த மூன்று பாட எரிச்சல் அத்தனையும். "உன்னைப் படிக்க அனுப்பினேனா, சமைக்க அனுப்பினேனாடா? உங்க அம்மா கண்ணுல தண்ணி நிக்காம அழறா!" என்று நான் போட்ட போட்டில் அம்மையாரே எழுந்து வந்து, "போதும் ஐயா, ரத்தக் கொதிப்பு வந்துரப் போகுது, தண்ணி குடிங்க" என்றார். குழுவில் இருந்த பெனின்காரர் ஒருவர் மட்டும் அவருடைய பாஷையில் என்னிடம் ஏதோ நீளமாகக் கேட்டார். எனக்கு அதில் ஒரு எழுத்துத் தெரியாது. விடாமல் இருமினேன். இருமி முடிப்பதற்குள் மன்னிப்புக் கிடைத்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். இந்தச் சமாசாரம் விடுதி பூராவும் பரவிவிட்டது. அதற்குப் பிறகு ஈபோ இனத்துப் பெண் ஒருத்திக்கு அப்பா ஆனேன். வடகிழக்கு மாகாணத்துப் பையன் ஒருவனுக்கு அப்பா, இரட்டையர்களுக்கு ஒரே நடையில் அப்பா. அம்மையார் இருக்கும் குழுவுக்கு மட்டும் போகாமல், துறைத் தலைவர்கள், விடுதிக் காப்பாளர்கள் என்று பார்த்துப் பார்த்துப் போனேன். பைசா வாங்கவில்லை அக்கா, நம்புங்கள். ஆனால் அதற்கப்புறம் என் நாற்காலி எனக்காகக் காத்திருந்தது. வாசலில் தண்ணீர் வாளி நின்றது. அறை மாறினால் என்னைக் கையைப் பிடித்தே கூட்டிப்போனார்கள். பழைய கேள்வித்தாள்கள் தானாக வந்து சேர்ந்தன. விட்ட மூன்று பாடத்தையும் எழுதித் தேறினேன். இந்த ஊரில் ஒருவன் மாணவனாக ஜெயிக்க வேண்டுமென்றால் முதலில் நாலு பேருக்கு அப்பாவாக வேண்டும் என்பதுதான் நான் கண்ட உண்மை.

கடைசி வருடம் வந்தது. கட்டாயப் பாடம் ஒன்றை எடுக்க வேறு துறையிலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார்கள். கதவைத் திறந்துகொண்டு யார் வந்தது தெரியுமா? டாக்டர் ஏக்பென்யோங். நான் தொப்பியை இழுத்து மூக்குவரை விட்டுக்கொண்டேன். பலன் இல்லை.

"எஃபோசாவோட அப்பாதானே? வகுப்புக்கே வந்துட்டீங்களா ஐயா?"

உண்மையைச் சொல்லியிருப்பேன். பக்கத்தில் எஃபோசா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான்; சொன்னால் அவன் கதி அதோகதி. "பையன் ஒழுங்கா படிக்கிறானான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேங்க" என்றேன். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க பசங்களா, அப்பான்னா இவருதான்!" என்று சொல்லி முன்வரிசையில் தன் மேசைக்குப் பக்கத்திலேயே எனக்கு நாற்காலி போட்டார். வாராவாரம் நான் பொறுப்பான அப்பாவாக உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். வருகைப் பதிவில் ஒயேவோலே என்று கூப்பிடும்போதெல்லாம் எஃபோசா குரலை மாற்றி "உள்ளேன் மேடம்" என்பான். ஒரு தடவை அம்மையார் என் பக்கம் குனிந்து, "அந்த ஒயேவோலேங்கிற பையன் மூஞ்சியையே காட்ட மாட்டேங்கிறான் ஐயா, அவங்கப்பா உங்க மாதிரி இருந்திருந்தா உருப்பட்டிருப்பான்" என்றார். "உண்மைதாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

இப்படியே ஒப்பேற்றியிருப்பேன். போன வாரம் வகுப்பிலேயே பரீட்சை வைத்துவிட்டார். அந்த மதிப்பெண் இல்லாமல் பாடம் தேறாது, பாடம் தேறாமல் பட்டம் கிடையாது. எல்லோருக்கும் தாள் கொடுத்துக்கொண்டே வந்தவர் என்னைத் தாண்டிப் போனார். நான் கையை நீட்டினேன்.

"எனக்கும் ஒண்ணு வேணும் மேடம்."

"உங்களுக்கு எதுக்குங்க ஐயா?"

"எழுதத்தாங்க."

"நீங்க எதுக்கு எழுதணும்?"

"நான்தாங்க ஒயேவோலே."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, அதுவரை ஐயா ஐயா என்றவர், "எந்திரி!" என்றார். எழுந்தேன். தாளைக் கொடுத்தார், எழுதவும் விட்டார், அது அவர் நியாயம். ஆனால் வியாழக்கிழமை விசாரணைக் குழு முன்னால் வந்து நிற்க வேண்டும், அது தீராமல் இறுதித் தேர்வு மண்டபத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"அப்பா, அம்மா யாரையாச்சும் கூட்டிட்டு வா."

"மேடம், எனக்கு அறுபத்துமூணு வயசு."

"விதி விதிதான். இந்தத் தடவை நிஜமான ஆளா இருக்கணும். உன்னைவிட மூத்தவங்களா இருக்கணும்."

எஃபோசாவின் நிஜ அப்பா வந்து பேசிவிட்டுப் போயாகிவிட்டது. பையனுக்கு அபராதத்தோடு விட்டார்கள். கன்னம் மட்டும் இன்னும் வீங்கியிருக்கிறது.

அக்கா, நம் ரத்தத்தில் என்னைவிட மூத்தவர்களில் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான். வியாழக்கிழமை வாருங்கள். உங்கள் காலில் விழுகிறேன். இனிமேல் பொய் அப்பா, பொய் அம்மா விவகாரத்துக்கே போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டேன். அதனால்தான் நிஜ அக்காவைக் கூப்பிடுகிறேன். நீங்கள் ஒன்றும் அதிகம் பேச வேண்டாம். "என் தம்பிதான், மன்னித்துவிடுங்கள்" என்றால் போதும். சின்ன வயதிலேயே இவன் இப்படித்தான் என்று தொடங்க வேண்டாம். நான் மாமாவின் ஆட்டைத் தொலைத்த கதை வேண்டவே வேண்டாம். பேக்கரி அம்மாளை அழைத்து வரவும் வேண்டாம். எனக்கு அலுத்துவிட்டது அக்கா. நாற்காலிக்கும் தண்ணீருக்கும் அலைந்ததில் அலுக்கவில்லை. பட்டத்துக்கு ஒரு எட்டு தூரத்தில் வந்து, யாருமில்லாதவன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நினைக்கும்போதுதான் அலுத்துப்போகிறது.

மச்சானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் கடைப் பீப்பாய்கள் என்றும் நிறைந்திருக்கட்டும், கடன் சொல்லும் வாடிக்கைக்காரர்கள் வழி தவறிப் போகட்டும், இந்த வருடம் நம் குடும்பத்தில் கெட்ட செய்தி என்று வருவது இந்தக் கடிதத்தோடு நிற்கட்டும்.

இப்படிக்கு,
தரையில் கிடந்தபடியே,
உங்கள் தம்பி
ஒயேவோலே

பின்குறிப்பு: பெட்ரோல் தட்டுப்பாட்டில் வண்டி கிளம்பவே இல்லை. கடிதம் டிரைவரின் பையில் கிடந்துவிட்டு இன்று என் கைக்கே திரும்பி வந்தது. அதற்குள் வியாழக்கிழமையும் வந்து போய்விட்டது. ஆகவே நீங்கள் வர வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

குழு அறை வாசலில் நான் தனியாக நின்றுகொண்டிருந்தபோது, எஃபோசா வீங்கிய கன்னத்தோடு மல்லம் தன்லாதியைக் கூட்டிக்கொண்டு வந்தான். பல்கலைக்கழக வாசலில் சாயங்காலம் மிளகாய்த்தூள் தடவி இறைச்சி சுட்டு விற்கிற வடக்கத்திக்காரர் அவர். எண்பதுக்குக் குறையாது. ஆறடிக்கு மேல் உயரம், நான் அவர் நெஞ்சுவரைகூட வர மாட்டேன். கன்னத்தில் ஒரு தழும்பு கிடையாது. "வேணாண்டா, சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று நான் மன்றாடுவதற்குள் கதவு திறந்துவிட்டது.

அம்மையார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரை அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"அப்பா" என்றார் மல்லம், கண்ணை இமைக்காமல்.

பெனின்காரர் வாயைத் திறந்தார். அம்மையார் கையைக் காட்டி அடக்கிவிட்டு, "பையன் எப்படி?" என்று கேட்டார்.

"சின்னப் பையன் மேடம். கெட்டவன் இல்ல. இவன் ரூம்ல கரண்டு இல்லைன்னு தெனமும் எங்க கடை விளக்குல வந்து உக்காந்து படிப்பான். இறைச்சி வாங்க மாட்டான், பேச மாட்டான். நான் கடையை மூடுற வரைக்கும் எந்திரிக்க மாட்டான். மழையில குடையப் புடிச்சிக்கிட்டுப் படிச்சதையும் பாத்திருக்கேன். இவனை எழுத விடுங்க."

அக்கா, நான் அங்கே உட்கார்ந்ததை அவர் கவனித்தார் என்பதே எனக்குத் தெரியாது. குனிந்த தலையை என்னால் நிமிர்த்த முடியவில்லை. அம்மையார் அனுமதித் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் கதவருகே போகும்போது, "ஒயேவோலே, அடுத்த தடவை வரும்போது உங்கப்பாகிட்ட உன் பேரையாவது சொல்லிக் கூட்டிட்டு வா" என்றார்.

வெளியே வந்து நன்றி சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மல்லம் காது கொடுக்கவில்லை. "பரீட்சை இருக்குல்ல? இங்க என்ன நிக்கிற? போய்ப் படி" என்று அதட்டிவிட்டு, அடுப்புக்குக் கரி வாங்கப் போய்விட்டார்.

நம் அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சொன்னதெல்லாம் "நம்ம பஞ்சர் கடைக்கு வா" என்பதுதான், அவருக்கு அவர் கஷ்டம். ஆனால் பிறந்ததிலிருந்து என்னை ஒருவர் "போய்ப் படி" என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கமாக இல்லை.

உங்களோடு பேச நிறைய இருக்கிறது. ஆனால் இப்போது இல்லை அக்கா, நான் படிக்கப் போக வேண்டும்.