சாத்தியவர்தான் திறக்க வேண்டும்

காற்றை ஒரு ஆளாக மதித்து, அது ஏறி இறங்குவதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறை போகிற சாலையில், நான் கம்ப்யூட்டர் தட்டிய லாரி எடைமேடைக்குப் பின்னால் அவர் குடியிருந்தார். பெயரை யாரும் கேட்டதில்லை. கதவுப் பக்கம் யார் போனாலும் "சாத்தாதே" என்று சத்தம் போடுவார். அதனால் சாத்தாதே அண்ணன்.

அவருடைய வீடு ஒரு கேரவன். சினிமாக்காரர்கள் படப்பிடிப்பில் ஓய்வெடுக்கிற, கட்டிலும் கண்ணாடியும் வைத்த பெரிய வண்டி. அதற்கு அவர்தான் டிரைவர். எஞ்சின் செத்ததும் எங்கள் முதலாளி அதைப் பழைய இரும்புக்கு வாங்கிப் போட்டார். வண்டியோடு அண்ணனும் வந்து சேர்ந்தார். "கழட்ட முடியாத பார்ட்டு" என்பார் முதலாளி.

ஆடி பிறந்தால் கன்னிவாடி மலைப்பக்கமிருந்து எங்கள் பொட்டலுக்கு வருகிற காற்று, மேசையில் வைத்த டீ கிளாஸை நகர்த்தும். கேரவன் கதவோ வெளிப்பக்கம் திறப்பது. அதைத் திறந்தபடியே நிறுத்த அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்தால் யானை கட்டுகிறவர்கள்கூடப் பாவம் என்பார்கள். செங்கல் வைத்தார், உருண்டது. கம்பி போட்டார், வளைந்தது. கடைசியில் மேடையைச் சோதிக்க வைத்திருந்த இருபது கிலோ எடைக்கல்லையே முட்டுக் கொடுத்தார். சோதனைக்கு வந்த அதிகாரி, "எடைக்கல் ஒன்னு குறையுதே" என்றார்.

"அது டூட்டியில இருக்கு சார்" என்றார் அண்ணன்.

அதன்பிறகு ஒரு ஏற்பாடு கண்டுபிடித்தார். கதவின் மேல்முனையிலிருந்து வேப்பமரத்துக்கு நைலான் கயிறு. கயிற்றுக்கு நடுவில் ஒரு முழம் சைக்கிள் டியூப். "இறுக்கிக் கட்டுனா கீலு பிச்சுக்கிரும் அப்பு. செத்த அசையவும் விடணும், அடிக்கவும் விடக் கூடாது" என்று எனக்கு விளக்கினார். அப்புறம் ஆளில்லாத வாசலைப் பார்த்து, "பாத்து ஏறுங்க" என்றார். நான் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போனால் ஓரமாக நிற்க வேண்டும். முதலில் காற்று ஏறும், அப்புறம்தான் நான். ஒவ்வொரு நாளும் அந்த இரும்புப் படி ஒருமுறை கிறீச்சிடும். பழைய படி, கிறீச்சிடாமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க தொழில்ல ஒரு சட்டம் இருக்கு. உள்ள போயி சாத்துனவுங்கதான் தெறக்கணும். டிரைவரு கைய வைக்கக் கூடாது. வத்தலக்குண்டு பக்கம் ஒரு ஷூட்டிங். கதவு சாத்தியிருக்கு. நடிகை உள்ள இருக்காங்கன்னு நான் காவலுக்கு நிக்கிறேன். டைரக்டரு வந்து கத்துறாரு, நான் விடல. பாத்தா அந்தம்மா தூரத்துல புளியமரத்தடியில ஒக்காந்து பஜ்ஜி திங்கிது."

"அப்ப காத்து சாத்தியிருக்கு."

"ஆமா. சாத்துனவுக உள்ளதான இருந்திருப்பாக?" என்றார் குரலைத் தாழ்த்தி. "நான் நின்னுக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் கதவு தானா தெறந்துச்சு. படி அமுங்குச்சு. மழையே இல்ல, ஈர மண்ணு வாசம் என்னத் தாண்டிப் போச்சு."

நான் வாசலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி நின்றேன்.

அந்த ஆடியிலேயே ஒரு மத்தியானம் சூறைக்காற்று ஒன்று சுழன்று வந்தது. கயிறு அறுந்தது. கதவு அறைந்த சத்தத்தில் மேடையில் நின்ற டிராக்டர்க்காரரே குனிந்துகொண்டார். அண்ணன் உள்ளே இருந்தார். அவருக்குச் சர்க்கரை. ஊசி போட்ட கையோடு சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மயங்கிவிடுவார். ஊசி போட்டுவிட்டார். சோற்றுப் பொட்டலமோ என் கையில் இருந்தது.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. முதலாளியும் டிராக்டர்க்காரரும் சேர்ந்து இழுத்தார்கள். ம்ஹூம். சன்னல்களையெல்லாம் புழுதிக்குப் பயந்து எப்போதோ தகரம் வைத்து அடைத்திருந்தார்.

"இழுக்காதீங்கப்பா" என்றது உள்ளிருந்து அண்ணன் குரல். "காத்து சாத்துனது. காத்துதான் தெறக்கணும்." பிறகு வேறு பக்கம் திரும்பி யாரிடமோ மெதுவாகச் சொன்னார்: "செத்த பொறுங்க. நம்ம பசங்கதான், பதறுறாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் டிராக்டர்க்காரரைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "காத்துதான வேணும்? நம்ம வண்டியில இருக்கு" என்றார்.

இருந்தது. களத்தில் தானியம் தூற்றுகிற பெரிய ஃபேனை டிராக்டருக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தார். அதைக் கதவுக்கு நேராக நிறுத்தி ஓடவிட்டார். வெளியே திறக்கிற கதவுக்கு வெளியிலிருந்து காற்றடித்தால் என்ன ஆகும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கதவு இன்னும் இறுகிக்கொண்டது. பழைய உமியெல்லாம் பறந்து எங்கள் வாயில் வந்து விழுந்தது.

"எதிர்க்க வச்சா எப்படிப்பா தெறக்கும்..." என்று உள்ளே அண்ணன் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. வார்த்தைகள் குழறின. "அப்பு, அப்பு" என்று என்னை இரண்டு தடவை கூப்பிட்டார். அப்புறம் அதுவும் இல்லை.

ஃபேனின் பெல்ட் அறுந்தது. அதே நேரம் வெளிக்காற்றும் நின்றது. ஆடி மாதத்தில் எங்கள் பொட்டலில் காற்று நின்று நான் பார்த்ததே இல்லை. வேம்பில் ஒரு இலை ஆடவில்லை.

அவருடைய சட்டம் எனக்குத் தெரியும். அதற்காக அவரைச் சாகக் கொடுக்க முடியாது. கடப்பாரையை எடுத்தேன். "அண்ணே, மன்னிச்சுக்கங்க. நான் ஒடைக்கப் போறேன்" என்று கதவிடுக்கில் செருகப் போனேன்.

கதவு திறந்தது. நான் தொடவில்லை. அவசரமில்லாமல், யாரோ உள்ளிருந்து மரியாதையாகத் தள்ளியதுபோல் முழுக்கத் திறந்து, முட்டு எதுவும் இல்லாமல் அப்படியே நின்றது. படி அமுங்கியது. ஈர மண் வாசம் என் முகத்தைத் தாண்டிப் போனது. பின்னால் டிராக்டர்க்காரர், "சார், அங்க பாருங்க" என்றார். காலியாகக் கிடந்த எடைமேடையின் சிவப்பு எண் சைபரிலிருந்து அறுபது கிலோவுக்கு ஏறியது. ஒரு ஆள் நடந்து கடக்கிற நேரம் அப்படியே நின்றுவிட்டு, மறுபடி சைபருக்கு இறங்கியது. மிஷினில் தூசி என்று முதலாளி இன்றைக்கும் சாதிக்கிறார். ஆனால் மேடையைக் குறுக்கே கடப்பதில்லை, சுற்றிக்கொண்டுதான் வருகிறார்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. டிராக்டர்க்காரர் வைத்திருந்த கலர் சோடாவை மெல்ல மெல்லக் குடிக்க வைத்தேன். பாதி பாட்டில் போனதும் கண் விழித்து, "எறங்கிட்டாங்களா?" என்று கேட்டார். "எறங்கிட்டாங்கண்ணே" என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், என் கையில் ஒட்டியிருந்த கடப்பாரைத் துருவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் முதலாளி கதவைத் திறந்தபடியே மாட்டி வைக்க மேலும் கீழுமாக இரண்டு கொக்கி வைத்துக் கொடுத்திருந்தார். அவர் வந்த மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் பொட்டலத்தோடு போனேன். மேல்காற்று மறுபடி பேயாய் அடித்துக்கொண்டிருந்தது. கொக்கி இருந்தும் அண்ணன் கதவைப் பிடித்தபடி வாசலில் நின்றார். நானும் வழக்கம்போல் ஓரமாக ஒதுங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்துக்கு நேராகக் கையை நீட்டி மறித்தார்.

"கோவிச்சுக்கிராதீங்க. செத்த ஒதுங்கிக்கங்க, பையன் மொதல்ல ஏறட்டும்" என்றார்.

நாற்பது வயதில் என்னைப் பையன் என்று சொல்ல அவர் ஒருவர்தான் எனக்கு இருந்தார்.