பத்து விசில் டொபி

பத்தாவது விசில் கேட்டதும் பிரியந்தன் கதிரையை விட்டெழுந்து போய் அடுப்பை அணைத்தான். குக்கர் மூடி லேசாகத் திறபட்டது. உள்ளே கிண்ணத்தில் ஊற்றின ரின்பால், அந்தக் கெட்டி இனிப்புப் பால், ஊற்றினபடியே கிடந்தது.

"இதென்ன கோதாரி" என்றான் குக்கரைப் பார்த்து.

அந்தக் குக்கரில் அவனுக்கு உயிர். அதன் விசில் சத்தத்தை ஆயிரம் விசிலுக்குள்ளும் கண்டுபிடிப்பேன் என்பான். ஆனால் பத்து வருடமாக அவன் அதற்குச் செய்த ஊழியம் ஒன்றுதான். ஹோலில் இருந்தபடி சத்தமாக விசில் எண்ணுவான். பருப்புக்கு மூன்று, கடலைக்கு ஏழு. எண்ணி முடிந்ததும் மனைவியிடம் "மேனுகா, நிப்பாட்டும்" என்பான். கழுவுவது, மூடுவது, ஏற்றி இறக்குவது எல்லாம் மேனுகா. இந்த லட்சணத்தில் போன ஞாயிறு வீட்டுக்கு வந்த சொந்தக்காரரிடம், "இஞ்ச சமையலில பாதி நான்தான்" என்று சொல்லிவிட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அப்ப மிச்சப் பாதியையும் நீங்களே செய்யுங்கோ" என்று மேனுகா அன்று பின்னேரமே ஹெந்தளைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாள் கெஞ்சிய பிறகுதான் இறங்கி வந்தாள்.

"எனக்கு மில்க் டொபி செய்து காட்டுங்கோ. இறுகின படம் வந்தால் வாறன்."

யூடியூப்பில் குக்கர் டொபி என்று ஒன்று கிடைத்தது. பத்து விசில், அவ்வளவுதான். எண்ணுகிற வேலை தானே என்று பிரியந்தன் துள்ளிக் குதித்தான்.

எண்ணினதில் பிழை விட்டிருப்பேன் என்று நினைத்து மறுபடியும் அடுப்பில் ஏற்றினான். பக்கத்து வீட்டு ஷபீகா அக்காவின் இறைச்சிக் கறி வாசனை ஜன்னலால் வந்து வயிற்றைக் கிள்ளியது. "ஒண்டு... ரெண்டு..." பத்து வந்தது. பால் சுட்டிருந்தது, இறுகவில்லை.

போனில் மேனுகா. "என்ன, இறுகிச்சுதோ?"

"இறுகுது, இறுகுது. நீர் வெளிக்கிடும்."

"படம்."

கோபம் வந்துவிட்டது. நெருப்பை முழுதாகக் கூட்டினான். பத்தென்ன, இருபது விசில் வரட்டும் என்று கதிரையில் போய் இருந்தான். பதினாலாவது விசிலில் கருகல் மணம் வந்தது. ஓடிப்போய்த் திறந்தான். குக்கரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடி கறுத்துப் போயிருந்தது. கிண்ணத்துப் பால் தார் மாதிரி ஒட்டிப் பிடித்திருந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தான், ஒன்றும் விழவில்லை.

இறுகியது இறுகியதுதானே. கறுத்த குக்கருக்கு மேலே கவிழ்த்தபடியே படம் எடுத்து அனுப்பினான்.

சிறிது நேரத்தில் பதில் வந்தது. "ஐயோ என்ர குக்கர். வாறன்."

வருகிறாள். பிரியந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. ஷபீகா அக்கா.

"தம்பி, மேனுகா வாறாவாம். இதத் திருப்பிக் குடுக்கச் சொன்னா."

அவர் உள்ளங்கையில் ஒரு குக்கர் விசில் இருந்தது.

"இது... எங்கடயோ?"

"உங்கட தான். போற அண்டு கழட்டித் தந்திட்டுப் போனா. 'நீங்க சமைக்கிற நேரம் இதப் போடுங்க அக்கா, ஜன்னலால அவருக்குக் கேக்கட்டும். எண்ண ஒண்டும் இல்லாட்டி மனுசன் தனிச்சுப் போயிடும்' எண்டு."