எல்லா குரூப்பும் அவசரம்

இரண்டு மொழி நன்றாகத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களை உடனே நம்பிவிடாதீர்கள். நான் அப்படிச் சொல்லித்தான் வேலை வாங்கினேன்.

திருப்பதியில் ஒரு ரத்ததான மையம். அதன் வலைப்பதிவு, ஃபேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் குழு எல்லாம் என் பொறுப்பு. முதல் இரண்டு மாதம் ரோஜாப்பூ படத்தின்மேல் "உதிரம் கொடுப்போம்" என்று தெலுங்கில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு லைக் விழும். (ஒன்பது பேர் எங்கள் சொந்தக்காரர்கள்.)

மையத்தை நடத்திய டாக்டரம்மா ஒருநாள் கூப்பிட்டார். "நகரி, புத்தூர், குடிபாலா பக்கம் தமிழ்க்காரங்க நிறைய. அவங்களுக்குத் தமிழ்ல எழுதும்மா" என்று தெலுங்கில் ஒரு வரி கொடுத்தார். எல்லா வகை ரத்தமும் எங்களுக்குத் தேவை, முடிகிறபோது வந்து கொடுங்கள் என்பது அதன் பொருள்.

நான் நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். படித்ததெல்லாம் தெலுங்கில். இரண்டு மொழியும் என் தலைக்குள் ஒரே டப்பாவில் கிடக்கும். சுருக்கமாக இருந்தால்தான் படிப்பார்கள் என்று 'முடிகிறபோது' என்பதை வெட்டினேன். காலை ஏழு மணிக்குப் பதிவு போனது: "எல்லா குரூப் ரத்தமும் அவசரம். வாருங்கள்."

பகிர்வுகள் குவிந்தன. ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்ததில் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. அதையும் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு மையத்துக்குப் போனால் வாசலில் இரண்டு வேன், வரிசையாக ஷேர் ஆட்டோ, ஐம்பது பேர். சிலர் காலில் வயல் சேறு காயவில்லை. ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக நின்றார். குடிபாலாவிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த வேன்காரர் என்னை நிறுத்தினார்.

"எங்கம்மா கவுந்துச்சு பஸ்ஸு? எத்தினி பேருக்கு அடி?"

"எந்த பஸ்?"

"எல்லா குரூப்பும் அவசரம்னு போட்டுக்கீறீங்களே. பெரிய ஆக்சிடெண்டுன்னு ஊரே பேசிக்கினு கீது."

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தமிழில் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்று காலை ஏழு மணிக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது.

எங்காவது ஒளியலாமா என்று திரும்பினால் எதிரே நைனா, என் அப்பா. ஒரு காலில் அவர் செருப்பு, மறுகாலில் அம்மாவின் செருப்பு.

"போனு பண்ணிக்கினே இருந்தேன். ஆஃப்னே வருது. அந்த பஸ்ல நீயும்..."

என் தோளைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றும் எனக்கு என்மேல் கோபம் உண்டு.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அன்றோடு வேலை போனது என்றே நினைத்தேன். அவர், "நீ எழுதினது. நீயே போய்ச் சொல்லு" என்று வாசற்படியைக் காட்டினார். படியில் ஏறி நின்று சொன்னேன். முதலில் வேன்காரர்தான் வாயைத் திறந்தார்.

"பஸ்ஸு கவுறல இல்ல, அது போதும். வந்தது வந்துட்டோம், எடுத்துக்கினு அனுப்புங்க."

ரத்தம் ஊறுகாய் அல்ல, மொத்தமாக எடுத்து ஜாடியில் போட்டுவைக்க. சிலரிடம் மட்டும் எடுத்தோம். மற்றவர்கள் பெயரும் குரூப்பும் எழுதி, வரவேண்டிய நாளைக் குறித்துக்கொண்டு போனார்கள். நைனாவை மட்டும் நர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை.

"காலைல என்ன துன்னீங்க?"

"எங்க துன்றது? அப்பிடியே ஓடியாந்தேன்."

ரத்தம் கொடுப்பவர்களுக்கு வைத்திருந்த வாழைப்பழமும் ஜூஸும், கொடுக்காத அவருக்கே முதலில் போயின.

மதியம் நடந்ததையெல்லாம் ரோஜாப்பூ இல்லாமல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வலைப்பதிவில் முதன்முறையாகப் பின்னூட்டங்கள் வந்தன. திட்டு குறைவு, "நான் எப்போது வரட்டும்?" என்று கேட்டவர்கள் அதிகம். நான் எண்ணிக்கொண்டிருந்த ஒவ்வொரு பகிர்வுக்கும் பின்னால் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவரக்கூடிய ஒரு ஆள் இருந்திருக்கிறார். குடிபாலா வேன்காரர் இன்றும் வருகிறார். டாக்டரம்மா என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. "போடறதுக்கு முன்னாடி தமிழ் மட்டும் தெரிஞ்சவங்களுக்குப் படிச்சுக் காட்டு" என்றார். அன்றிலிருந்து எங்கள் மையத்தின் சம்பளமில்லாத எடிட்டர் என் அம்மா.

வீட்டில்தான் நிலைமை மோசம். போன வாரம்கூட அம்மா, "கொத்தமல்லி வாங்கிக்கினு வா, அவசரம்" என்றார். நைனா நாற்காலியை விட்டு அசையவில்லை.

"தமிழ் அவசரமா, தெலுங்கு அவசரமா?"

"கொழம்பு கொதிச்சிக்கினு கீது," என்றார் அம்மா. "எந்த பாஷைன்னு நீயே வந்து கேட்டுக்க."