கமலாட்சியைத் தேடி வரும் யானைகள்

துணுக்காய்ப் பக்கம் கொக்கட்டிக்குளம் என்ற ஊருக்குள் யானைகள் முறைப்படி அனுமதி பெறாமல் வந்துபோவது, யானை மனித நல்லிணக்கப் பணியகத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பணியகம் உடனே செயலில் இறங்கியது. மின்வேலி கேட்பவர்கள் இனி இணையத்தில் மட்டுமே விண்ணப்பிக்கலாம். எப்படி விண்ணப்பிப்பது என்று தொழில்முறைத் தரத்தில் ஒரு திரைப்பதிவுக் காணொளி வெளியிடப்படும்.

அந்தப் பொறுப்பு, உத்தியோகத்தர் பிரதீபனிடம் போனது. இதற்காகவே கொழும்பில் பயிற்சி எடுத்தவர் அவர். கணினித் திரையில் கிடந்ததையெல்லாம் ஒளித்தார். மவுஸ் அம்புக்குறியைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டார். மைக்கில் இரைச்சல் விழாதபடி ஃபேனை நிறுத்தி யன்னல்களைச் சாத்தினார். உதாரணத்துக்கு ஒரு விண்ணப்பதாரிதான் குறை. அந்த நேரம் பார்த்துக் கமலாட்சி உள்ளே வந்தார்.

"தம்பி, யானை குசினிச் சுவரை இடிச்சு விதைநெல்லு முழுக்கத் திண்டிட்டுது!"

"மெல்லக் கதையுங்கோ அக்கா, றெக்கோர்டிங் போகுது. உங்கட பேர்?"

"கமலாட்சி. வேர்த்துக் கொட்டுது தம்பி, ஃபேனைப் போடுங்கோவன்."

"தரம் குறைஞ்சிடும் அக்கா."

வெளியே நாய் குரைத்தது. முதலிலிருந்து எடுத்தார்கள். கமலாட்சி தும்மினார். திரும்பவும் முதலிலிருந்து. பொழுதுபடும்போது காணொளி முடிந்தது. அவருடைய பெயரும் விலாசமும் திரையில் பெரிதாகிப் பளபளத்தன. பின்னால் வீணை இசை. கடைசியில் பிரதீபனின் கம்பீரக் குரல்: "திரையில் காண்பவாறே, ஓர் எழுத்தும் பிசகாமல் தட்டச்சிடுக."

ஊர் கீழ்ப்படிந்தது. கொடுவாள் மீசை வைத்த மாயாண்டி காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தன் போனில் தட்டினார். பெயர்: கமலாட்சி. பால்: பெண்.

மனைவி பேச்சியம்மா எட்டிப் பார்த்தார். "இஞ்சருங்கோ, நீங்கள் எப்ப பொம்பிளையானீங்கள்?"

"அதில அப்பிடித்தான் கிடக்கு. மாத்தினால் வேலி வராது."

பணியகத்தில் வந்து குவிந்த விண்ணப்பங்களைப் பார்த்துப் பணிப்பாளர் நடராசா திகைத்துப்போனார்.

"என்ன பிரதீபன், எல்லா யானையும் ஒரே மனுசியின்ர வீட்டுக்கோ போகுது?"

"ஓம் சேர். கணினியில அப்பிடித்தான் இருக்கு."

காணொளியில் பிழை இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்கு ஏற்கெனவே விருது கிடைத்திருந்தது. எனவே உயர்மட்டக் குழு கூடி, ஆழ்ந்து ஆராய்ந்து, ஒரு முடிவுக்கு வந்தது: யானைகள் ஊருக்கு வரவில்லை, கமலாட்சியிடம் வருகின்றன. அவர் 'யானை ஈர்ப்பு நபர்' என வகைப்படுத்தப்பட்டார்.

"ஊரைச் சுத்தி வேலி அடிக்கிறதிலும் பாக்க, அவவை அங்கயிருந்து எழுப்பிறது லேசு," என்றார் பணிப்பாளர்.

ஊரின் சம்மதம் கேட்கப்பட்டது. எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள்.

"கோவிக்காதேங்கோ அக்கா," என்றார் மாயாண்டி. "படிச்ச ஆக்கள் சொல்லினம். சும்மா சொல்லுவினமே?"

கமலாட்சிக்கு அழுகை வந்தது. அது கண்ணுக்கு வந்து சேரமுன் கோபம் முந்திக்கொண்டது. பஸ் ஏறி நேரே பணிப்பாளர் முன்னால் போய் நின்றார்.

"சுற்றறிக்கைப்படி நீங்கள் விரும்பின இடத்தில காணி தரலாம் அம்மா," என்றார் பணிப்பாளர் பெருந்தன்மையாக. "எங்க வேணும்?"

"உங்கட கந்தோருக்குப் பக்கத்து வளவு வெறுமையாத்தானே கிடக்கு. அது காணும்."

பணிப்பாளர் தன் கண்ணாடி யன்னலைப் பார்த்தார். பிறகு தன் புதுக் காரைப் பார்த்தார். ஆனால் சுற்றறிக்கை சுற்றறிக்கைதான். கமலாட்சிக்குக் காணி கிடைத்தது. அவர் வந்து குடியேற முன்னரே, அதிவிசேட அவசர அனுமதியின்பேரில் மின்வேலி வந்து இறங்கியது. அதைப் பணியகத்தைச் சுற்றி அடித்தார்கள்.

அன்றிலிருந்து பட்டணத்து நடுவிலிருக்கும் அந்தப் பணியகத்துக்குள் ஒரு யானைகூட வரவில்லை. வேலியின் வெற்றி பற்றிப் பிரதீபன் இன்னொரு காணொளி எடுத்தார்.

கமலாட்சிக்குக் குழாய்த் தண்ணீர், கரண்ட், கூப்பிடு தூரத்தில் சந்தை. நிம்மதியாக இருந்தார். ஒருநாள் காலையில் கொக்கட்டிக்குளத்து ஆட்கள் லான்ட்மாஸ்டரில் வந்து வாசலில் இறங்கினார்கள். முகங்கள் வாடியிருந்தன. வயலில் ஒரு கதிர் மிச்சமில்லையாம்.

மாயாண்டி முன்னால் வந்து மீசையைத் தடவினார்.

"என்னக்கா நீங்கள்? வரேக்க யானையளைக் கூட்டிக்கொண்டு வர மறந்திட்டியளே!"