பேசாத ஐம்பது நிமிடம்

"இன்னிக்கும் அந்தப் பொண்ணு பேசலைன்னா, திங்கக்கிழமை தடுப்பு வச்சுடுவோம் டாக்டர். ஒரு ரூம் மூணு ரூமாயிடும். ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம், மருந்துச் சீட்டு, அடுத்த ஆள்."

நிர்வாக அதிகாரி இதைச் சொல்லிவிட்டு உட்கார இடம் தேடினார். குழந்தைகள் மனநலப் பிரிவின் பேச்சறையில் இருந்ததெல்லாம் குட்டி நாற்காலிகள். ஒன்றில் தம்மைத் திணித்துக்கொண்டார். முழங்கால் தாடைவரை வந்தது.

டாக்டரம்மாவிடம் அந்தப் பதினோரு வயதுச் சிறுமி ஏழு வாரமாக வருகிறாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டிலும் அப்படித்தான். வெளியே அதிகாரியைக் காட்டி, "இவர் ஓரமா உக்காந்து பாக்கட்டுமா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டியிருந்தாள். மாத்திரை கொடுத்து இவளைப் பேசவைக்க முடியாது, காத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா மேலிடத்துக்குப் பத்துக் கடிதம் எழுதியாயிற்று. அப்படிக் காத்திருக்கத்தான் இளம் டாக்டர்களுக்கு இதே அறையில் சொல்லிக்கொடுத்து வந்தார். அறை போனால் அந்தப் பாடமும் போச்சு.

இன்றைக்குச் சிறுமி உள்ளே வந்ததும் அவரே அவசரப்பட்டார்.

கலர் பென்சிலை நீட்டினார். சிறுமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பொம்மை வீட்டை எடுத்துவைத்தார். மேஜைக்கு அடியில் போய்விட்டாள். டாக்டரம்மாவும் குனிந்து, "உள்ள வரட்டுமா?" என்றார். சிறுமி பொம்மைப் பெட்டியை இழுத்து வழியை அடைத்தாள்.

"இதுக்கா ஐம்பது நிமிஷம்?" என்றார் அதிகாரி.

டாக்டரம்மா எழுந்து தம் இடத்துக்குத் திரும்பினார். போகட்டும், கடைசி நாளாவது ஒழுங்காக வேலை பார்ப்போம் என்று நாற்காலியில் சாய்ந்து வாயை மூடிக்கொண்டார்.

அந்த அமைதி அதிகாரிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடினார், திறந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏதாவது கேளுங்க டாக்டர்."

"ம்."

"எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான். காலேஜ் படிக்கிறான். என்ன கேட்டாலும் பதில் கிடையாது."

"ம்."

"நானும் அவன்கூட உக்காந்து பதினஞ்சு நிமிஷம்கூட..."

நிறுத்தினார். டாக்டரம்மா காத்திருந்தார். வேறு வழியில்லாமல் அவரே தொடர்ந்தார். மகன் பரீட்சையில் தோற்ற நாள், அன்றைக்குத் தான் சொன்ன ஒரு வார்த்தை, அதற்கப்புறம் திறக்காத அவன் அறைக் கதவு. கைக்குட்டை அகப்படாமல் பக்கத்தில் கிடந்த பஞ்சுப் பூனைப் பொம்மையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வரவேற்புப் பெண் கதவைத் தட்டினாள். "டாக்டர், நேரமாச்சு."

டாக்டரம்மாவுக்குப் பகீரென்றது. அதிகாரி பேசுவதைக் கேட்டுக்கொண்டே சிறுமியை மறந்துவிட்டார். ஐம்பது நிமிடமும் போச்சு, அறையும் போச்சு.

மேஜைக்கு அடியில் பெட்டி நகர்ந்தது. சிறுமி தலையை நீட்டினாள். ஏழு வாரமாகக் கேட்காத குரல் கொஞ்சம் கரகரப்பாக வந்தது.

"அடுத்த வாரம் என் நேரத்த இவருக்கே குடுத்துடுங்க டாக்டர். பாவம், இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கார்."