காலுறைச் சீமாட்டி மேடையேறிய வரலாறு

பினாங்குக் கத்தோலிக்கத் தமிழ்ப் பெண்மணிகள் இரு வகைப்படுவர்: நாற்காலியில் அமர்வோர், பாயில் அமர்வோர். பிரித்தது வேதம் அல்ல, காலுறை. கோயில் திருநாள் தேநீர் விருந்தில் சேலைக்குக் கீழே காலுறை தெரிந்தால் நாற்காலி. வெறுங்கால் தெரிந்தால் பாய். கத்தோலிக்கத் தமிழர் மன்றத்தின் தலைவரும் அரசாங்கத் தலைமைக் குமாஸ்தாவுமான வேதநாயகம் அவர்கள் வாசலில் நின்று, வருகிற கால்களைக் கனம் பொருந்திய முறையில் பரிசீலித்து அனுப்புவார்.

சுங்கை பினாங் அமலம்மாளுக்கு முழங்கால் வாதம். பாயில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். ஒரு திருநாளில் அப்படி எழுப்பும்போது நாற்காலிகள் எல்லாம் சிரித்தன. மகள் ரீத்தா கான்வென்ட் ஆசிரியை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். வீட்டுக்கு வந்தவள் ஒரு நாடகம் எழுதினாள். காலுறையைக் கேலி செய்தாவது அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

நாடகத்துச் சீமாட்டி குளிக்கும்போதும் காலுறையைக் கழற்றமாட்டாள். வீட்டுப் பூனைக்கும் மாட்டியிருப்பாள். வெயிலில் மயங்கி விழும்போதுகூட, "காலுறை சுருங்கியிருக்கிறதா, பாருங்கள்" என்பாள்.

மேடையேற்ற மன்றத்தின் அனுமதி வேண்டும். வேதநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"சீமாட்டிக்கு வேர்க்கிறதுன்னு எழுதியிருக்கியே, வேர்க்குமா?"

"நம்ம ஊர் வெயில், ஐயா..."

"கூலியாளுக்கு வேர்க்கும். நம்மவங்களுக்கு லேசா ஈரமாகும். திருத்து."

திருத்தினாள். அவர் கண்ணைச் சிமிட்டினார். "நீ யாரைச் சொல்றேன்னு எனக்குத் தெரியும்லா."

ரீத்தா காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

"கெலுகோர்ப் பக்கத்து வில்லியம் சம்சாரம்தானே?"

முதல் ஆட்டத்தில் முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. கெலுகோர்க்காரர்கள் வேதநாயகத்தின் மனைவி கேத்தரினை நினைத்துச் சிரித்தார்கள். கேத்தரின் அவர்களை நினைத்துச் சிரித்தாள். மறுநாள் காலையில் வில்லியத்தின் சம்சாரம் ரீத்தாவைத் தேடி வந்துவிட்டாள்.

"ஊரே அது கேத்தரின்தான்னு பேசுது. என்னைவிட அவ என்ன உசத்தி? என் காலுறை லண்டன் சரக்கு, தெரியுமா?"

இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு சீமாட்டிகள். விடுபட்ட குடும்பங்கள் மன்றத்துக்குப் புகார் அனுப்பவே, மூன்றாவது ஆட்டத்தில் முன்வரிசை முழுவதும் சொந்தக் காலுறையோடு மேடையேறித் தங்களைத் தாங்களே நடித்தது. அடுத்த ஞாயிறு கேத்தரின் வீட்டுப் பூனை காலுறையோடு வராந்தாவில் நின்றது. அது நடக்க மறுத்ததைக் குலப்பெருமை என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

அந்த வருஷத் திருநாளில் மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது: இத்தகைய மேலான நாடகத்தை இயற்றியவரின் தாயார் பாயில் அமர்வது சமூகத்துக்கு இழுக்கு. கேத்தரின் தன் பழைய காலுறை ஒரு ஜோடியைக் கொடுத்தனுப்பினாள். அமலம்மாள் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள்.

எதிரே பாயிலிருந்து பக்கத்து வீட்டு லூர்தம்மாள் எழ முடியாமல் தரையில் கையூன்றித் தடுமாறினாள். நாற்காலிகள் சிரித்தன. அமலம்மாளின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"ரீத்தா, காலுறை சுருங்கியிருக்கா, பாரு."

ரீத்தா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். லூர்தம்மாள் நீட்டிய கையைத் தாண்டிப் போய், அம்மாவின் காலடியில் குனிந்து, சுருக்கம் போக இழுத்துவிட்டாள்.