மூன்று சொட்டு அயோடின்

தக்காளி இலைகளின் ஓரம் மறுபடியும் கருகியிருந்தது. ஓக்னியான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்படியும் கருகித்தான் இருந்தது.

முப்பத்தொரு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவர். வாரம் ஒருமுறை, பத்து லிட்டர் வாளித் தண்ணீருக்கு மூன்று சொட்டு அயோடின். செடியை நோய் அண்டாது, காய் சீக்கிரம் பழுக்கும் என்று காபிக்கடையில் ஊரே கேட்கச் சொல்லியிருந்தார். ஆகஸ்ட் சந்தையில் நடக்கும் காய்கறிப் போட்டியில் தன் ரோஸ் நிறத் தக்காளிக்குப் பரிசு வராவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாகவும் சொல்லிவைத்திருந்தார். நாற்பது வருட மீசை.

"என்னங்க, செடி வாடுதே?" என்றாள் மனைவி ஸ்தமேனா.

"வாடல. மருந்து கொஞ்சம் கூடிப்போச்சு. ஒரு சொட்டு குறைச்சா சரியாயிடும்."

"குறைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

இரண்டு சொட்டாக்கினார். அடுத்த வாரம் கருகல் இலையின் நடுவரை வந்துவிட்டது.

மாடியில் குடியிருக்கும் மச்சினன் விலாதோ இறங்கி வந்து பார்த்தான். "அத்தான், நீங்க கஞ்சத்தனமா ஊத்துறீங்க. பக்கத்து வீட்டு த்சோனாக்கா ஒரு மூடி நிறைய ஊத்துறாங்க."

"அந்தம்மா சூப்புக்கு உப்பும் அப்படித்தான் போடுது. வாயில வைக்க முடியுதா?"

ஒரு சொட்டாக்கினார். பூக்கள் கொட்டின.

பால் அயோடினை இழுத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். வாளியில் அரை லிட்டர் பால் கலந்து எல்லா இலைகளையும் கழுவிவிட்டார். காலையில் பாத்திக்குள் ஐந்து பூனைகள் படுத்திருந்தன. இரண்டு செடிகள் ஒடிந்து கிடந்தன.

வேலிக்கு அப்பாலிருந்து த்சோனா எட்டிப் பார்த்தாள். "சார், தோட்டம் போடுறீங்களா, பூனைக்குப் பந்தி போடுறீங்களா?"

அன்று சாப்பாட்டு மேசையில் ஓக்னியான் அறிவித்தார்: "இனிமே ஒரு சொட்டுகூடக் கிடையாது."

விலாதோ ரொட்டியைப் பிய்த்தபடி அக்கா ஸ்தமேனாவைப் பார்த்தான்.

பத்தே நாளில் முதல் வரிசை மொத்தமும் காய்ந்துவிட்டது. ஓக்னியான் அசரவில்லை. தண்ணீரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, காய்ச்சி வடித்த நீர் வாங்க மருந்துக்கடைக்குப் போனார். கல்லாவில் அவரிடம் படித்த ஸோர்னித்சா இருந்தாள்.

"எங்க கிணத்துல என்னமோ கலந்திருக்கும்மா. அயோடினை நிறுத்திப் பத்து நாளாச்சு, கருகல் ஏறிக்கிட்டேதான் போகுது. என் கணக்கு தப்பாது."

ஸோர்னித்சா நீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தப்பாது சார். ஆனா உங்க வீட்டம்மாவும் மச்சினரும் முன்னாடியே வாராவாரம் ஒண்ணு வாங்குவாங்க. நீங்க நிறுத்தின மறுநாளே வீட்டம்மா ரெண்டு பாட்டில், மச்சினர் மூணு, உங்க செடி பாவம்னு த்சோனாக்கா ஒண்ணு, எல்லாம் அயோடின்தான் வாங்கிட்டுப் போனாங்க. இவ்வளவு எதுக்குன்னு கேட்டேன். மூணு பேரும் ஒரே பதில்தான் சொன்னாங்க: செடிக்கு அயோடின் நல்லதுன்னு சாரே சொல்லியிருக்காரு."